கோடம்பாக்கத்து ஃபுல் இன்சூரன்ஸ் டெக்சாஸில் செல்லுமா?

கேள்வி:

எனக்கு வயது 61. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஆற்காடு ரோட்டிலும் கோடம்பாக்கம் மேம்பாலத்திலும் முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். என் ஸ்விஃப்டுக்கு ஜீரோ டெப் சேர்த்து ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. நோ கிளெய்ம் போனஸும் 50 சதவீதம் வந்துவிட்டது.

வரும் ஏப்ரலில் நானும் மனைவியும் டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் தங்குகிறோம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிய பிறகு பேரனைப் பள்ளியில் விடவும் கடை கண்ணிக்குப் போகவும் மகளின் காரை ஓட்டலாம் என்று எண்ணம். நடுவில் பத்து நாள் கலிஃபோர்னியாவில் வாடகைக் கார் எடுக்கிறோம். திரும்பும் வழியில் லண்டனில் மைத்துனர் வீட்டில் ஒரு வாரம். "என் வண்டி சும்மாதான் நிக்குது, எடுத்துக்குங்க மாமா" என்கிறார் அவர்.

கூடுதல் பிரீமியம் கட்டி என் பாலிசியையே வெளிநாட்டுக்கும் நீட்டிக்க முடியுமா? டிராவல் இன்சூரன்ஸ் எடுத்தாலே போதும் என்கிறார் ஏஜென்ட். மகள் காரில் ஒரு கீறல் விழுந்தால்கூட அவர்கள் கையைக் கடிக்கக் கூடாது. அதற்கு நான் என்ன எடுக்க வேண்டும்?

- வாசகர், யுனைடெட் இந்தியா காலனி, கோடம்பாக்கம்

பதில்:

நீட்டிக்க முடியாது. நம் ஊர் மோட்டார் பாலிசி ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு, ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் எழுதப்படுவது. உங்கள் பாலிசி ஷெட்யூலை எடுத்துப் பாருங்கள். என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், ஐ.டி.வி. எல்லாம் அச்சாகியிருக்கும் தாளிலேயே 'ஜியாக்ரஃபிகல் ஏரியா: இந்தியா' என்று ஒரு வரி இருக்கும். அந்த எல்லையை விரிக்க ஒரு வழி உண்டு. 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃப் அதற்கு ஆறு நாடுகளைச் சொல்கிறது: வங்கதேசம், பூட்டான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு. ஃபுல் இன்சூரன்ஸ் பாலிசிக்கு 500 ரூபாய், தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ளதற்கு 100 ரூபாய் கூடுதல் பிரீமியம். அதிகபட்சம் 12 மாதம். வண்டியைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றிச் செல்லும் நேரத்துக்குக் கவர் கிடையாது. சிலிகுரி வரை சொந்தக் காரிலேயே போய் அப்படியே பூட்டானுக்குள் நுழைகிறவர்களுக்கு இந்த எண்டார்ஸ்மென்ட் உதவும். டெக்சாஸில் வேறொருவர் காரை ஓட்டப்போகும் உங்களுக்கு உதவாது.

ஆக, அங்கே எந்தக் காரின் சாவியை வாங்குகிறீர்களோ அந்தக் காரின் பாலிசிதான் உங்களைக் காப்பாற்ற வேண்டும். மூன்று இடத்தில் மூன்று கார். மூன்றுக்கும் விதி வேறு வேறு.

அதற்கு முன் உங்கள் கடைசி வரியைப் பற்றிப் பேச வேண்டும். கீறலுக்குப் பயப்படுகிறீர்கள். மகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் கீறலோ, நசுங்கிய கதவோ, ஏன், கார் மொத்தமாகப் போனாலும் சரி, நட்டம் அந்தக் காரின் விலையோடு நின்றுவிடும். நீங்கள் ஓட்டும் கார் இன்னொருவர் மீது மோதி அவருக்கு முதுகெலும்பு முறிந்தால் அந்த நட்டத்துக்கு எல்லை இல்லை. வெளிநாட்டில் கார் ஓட்டுவது பற்றிக் கேட்கிறவர்கள் அனேகமாக எல்லோருமே வண்டிச் சேதத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எதிரே வருபவருக்கு நேரக்கூடியதைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம்.

நாம் அப்படிப் பழகியதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் தேர்ட் பார்ட்டி கவர் கட்டாயம். விபத்தில் ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ, சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் இயங்கும் மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம் எவ்வளவு தொகை விதித்தாலும் கம்பெனி கொடுத்தாக வேண்டும். பாலிசியில் அதற்கு உச்சவரம்பு இல்லை. பொருள் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் வரம்பு. அதனால் அந்தப் பக்கத்தை நாம் திருப்பிப் பார்ப்பதே இல்லை. ஜீரோ டெப் உண்டா, பம்பர் டு பம்பர் உண்டா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே காயத்துக்கான கவரில் வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தேர்ந்தெடுப்பவர் காரின் சொந்தக்காரர். பெரும்பாலான மாநிலங்கள் ஒரு குறைந்தபட்சத்தைச் சட்டமாக வைத்திருக்கின்றன. டெக்சாஸில் அது 30/60/25. மகளின் பாலிசியில் 'டிக்ளரேஷன்ஸ்' என்ற முதல் பக்கத்தில் 'பாடிலி இஞ்சுரி லயபிலிட்டி' என்ற வரியில் முதல் இரண்டு எண்கள் இருக்கும். காயமடைந்த ஒருவருக்கு 30,000 டாலர், அந்த விபத்தில் காயமடைந்த எல்லோருக்கும் சேர்த்து 60,000 டாலர் என்று அர்த்தம். அடுத்த வரியில் வரும் 25 என்பது எதிராளியின் கார், வேலி, விளக்குக் கம்பம் போன்றவற்றுக்கு 25,000 டாலர். 30,000 டாலர் நம் கணக்கில் 25 லட்சம் ரூபாய்க்கு மேல். பெரிய தொகையாகத் தோன்றும். அமெரிக்க மருத்துவமனையில் ஒரு அறுவை சிகிச்சையும் சில நாள் ஐ.சி.யு.வும் அதைத் தாண்டிவிடும். மீதித் தொகைக்கு ஓட்டிய உங்கள் மேல் வழக்கு வரும். காரைக் கொடுத்த மகளையும் அதில் சேர்க்கப் பார்ப்பார்கள்.

மற்ற மாநிலங்களும் இதில் தாராளமானவை அல்ல. கலிஃபோர்னியாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருவருக்கு 15,000 டாலர் என்றே கிடந்தது. 2025 ஜனவரி 1 முதல்தான் 30,000 ஆயிற்று. ஃபுளோரிடாவில் சாதாரணத் தனியார் காருக்குப் பிறர் காயத்துக்கான கவர் கட்டாயமே இல்லை.

எனவே டிக்கெட் போடும் முன்பே மகளிடம் அந்த முதல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். 30/60 என்றிருந்தால் 100/300/100-க்கு உயர்த்தச் சொல்லுங்கள். கவர் மூன்று மடங்குக்கு மேல் ஏறும். பிரீமியம் அப்படி ஏறாது. சொந்த வீடும் சேமிப்பும் இருந்தால் அதற்கு மேல் பத்து லட்சம் டாலருக்கு 'அம்ப்ரெல்லா' பாலிசி எடுப்பதும் நல்லது. எதிரே வந்து மோதுபவரிடம் இன்சூரன்ஸே இல்லாமலும் இருக்கலாம். அதற்கான 'அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்' கவர் மகள் பாலிசியில் உண்டா என்றும் பாருங்கள். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் மகள் குடும்பத்துக்கு இவை தேவை.

அடுத்து, அந்தப் பாலிசியில் நீங்கள் இருக்கிறீர்களா? அமெரிக்காவில் பொதுவாகக் காப்பீடு காரைப் பின்தொடரும். ஊரிலிருந்து வந்த அப்பா ஒரு நாள் சாவியை வாங்கிப் பால் வாங்கப் போனால், சொந்தக்காரர் சம்மதத்துடன் ஓட்டியவர் என்ற கணக்கில் கவர் இருக்கும். ஐந்து மாதம் அதே வீட்டில் தங்கித் தினமும் பேரனைப் பள்ளியில் விடுபவர் அந்தக் கணக்கில் வருவது சந்தேகம். 'இவர் வீட்டில் வசிப்பவர், வழக்கமாக ஓட்டுபவர், எங்களிடம் ஏன் சொல்லவில்லை?' என்று கம்பெனி கேட்கும். அந்தக் கேள்வி எப்போதும் விபத்து நடந்த பிறகுதான் வரும். சில பாலிசிகளில் பெயர் சேர்க்காத ஓட்டுநர் ஓட்டினால் 100/300 என்று வாங்கியிருந்தாலும் கவர் மாநிலக் குறைந்தபட்சத்துக்கு இறங்கிவிடும். ஆகவே நீங்கள் போய் இறங்கும் முன் மகள் தன் கம்பெனிக்கு எழுதி, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அப்பா ஓட்டுவார், இந்திய லைசென்ஸ் என்று தெரிவித்து உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். ஃபோனில் 'பரவாயில்லை, ஓட்டலாம்' என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். கிளெய்ம் மேசையில் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. இதை அந்த மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கீறலுக்கு வருகிறேன். மகளின் பாலிசியில் 'காம்ப்ரிஹென்சிவ்' என்று இருப்பதைப் பார்த்து ஃபுல் இன்சூரன்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கப் பாலிசியில் அந்தத் தலைப்பின் கீழ் வருபவை திருட்டு, தீ, வெள்ளம், டெக்சாஸ் ஆலங்கட்டி மழை, சாலையில் குறுக்கே பாயும் மான் இவைதான். நீங்கள் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்தால் அது 'கொலிஷன்'. அது தனிக் கவர், தனிப் பிரீமியம். பழைய காருக்குப் பலர் அதை எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் முதல் 500 அல்லது 1,000 டாலர் சொந்தப் பணமாக இருக்கும். 1500 சி.சி. வரையிலான காருக்கு நம் ஊரில் கட்டாய டிடக்டிபிள் 1,000 ரூபாய்தான். அதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். சின்னக் கீறலுக்கு அங்கே யாரும் கிளெய்ம் போடுவதில்லை. போட்டால் அடுத்த ரினியூவலில் பிரீமியம் ஏறும். கீறல்கூட அவர்கள் செலவில் போகக் கூடாது என்று நீங்கள் கேட்டீர்கள். அப்படி ஒரு கவர் அங்கே கிடையாது. அந்தச் சில நூறு டாலரை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியா வாடகைக் காரில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நீண்ட விமானப் பயணம் முடிந்து, பெட்டிகளோடு கவுன்ட்டரில் நிற்பீர்கள். ஊழியர் ஒரு டேப்லெட்டை உங்கள் பக்கம் திருப்பி, வரிசையாகக் கட்டங்களைக் காட்டி, "இங்கே வேண்டும், இங்கே வேண்டாம், இங்கே கையெழுத்து" என்று ஓட்டிக்கொண்டே போவார். அந்த நேரத்தில் முடிவெடுக்காதீர்கள். சென்னையில் உட்கார்ந்தே முடிவெடுங்கள். 

கட்டங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, 'லாஸ் டேமேஜ் வேய்வர்'. வாடகைக் கார் சேதமானாலோ திருடு போனாலோ உங்களிடம் கேட்க மாட்டோம் என்று கம்பெனி தரும் விலக்கு இது. இதை எடுக்காவிட்டால் பழுதுச் செலவை உங்களிடம் வசூலிப்பார்கள். மற்றொன்று, 'சப்ளிமென்டல் லயபிலிட்டி'. பிறர் காயத்துக்கும் பொருள் சேதத்துக்குமான கவரைப் பல கம்பெனிகளில் பத்து லட்சம் டாலர் வரை உயர்த்தித் தருவது. முதலாவதை எல்லோரும் எடுக்கிறார்கள். இரண்டாவதைத்தான் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து இரண்டாவதை விடாதீர்கள். 2005-இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டப்படி, வாடகைக் காரின் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் அந்தக் கம்பெனி மேல் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க முடியாது. கம்பெனி ஒதுங்கிவிட்டால் மிஞ்சுபவர் ஓட்டிய நீங்கள்தான். வாடகையோடு தானாகச் சேர்ந்து வரும் கவர் சில மாநிலங்களில் சட்டக் குறைந்தபட்ச அளவுதான். சில இடங்களில் அதுவும் வாடிக்கையாளர் தலையில்.

கவுன்ட்டரில் இந்த இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் நாள் கட்டணம் சில சமயம் கார் வாடகையையே எட்டிவிடும். பெரிய வாடகை நிறுவனங்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே இரண்டையும் உள்ளடக்கிய கட்டணம் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் அது மலிவு. முன்பதிவுச் சீட்டில் இரண்டின் பெயரும் எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மகள் பெயரில் பதிவு செய்து நீங்கள் ஓட்டுவதானால் உங்களைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் வாங்கிய கவர் எல்லாம் செல்லாமல் போகும். கிரெடிட் கார்டும் பதிவு செய்தவர் பெயரிலேயே இருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும், கண்ணாடி, வீல் விளிம்பு, பெட்ரோல் முள் எல்லாம் தெரியும்படி மொபைலில் வீடியோ எடுத்துவிடுங்கள். உங்கள் கீறல் கவலைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

லண்டன் மைத்துனரின் காரைத் தொடாதீர்கள். நம் ஊரில் சொந்தக்காரர் சம்மதித்து, ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் போதும், கவர் உண்டு. பிரிட்டனில் பெரும்பாலான பாலிசிகள் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநர்களுக்கு மட்டுமே. உங்கள் பெயர் அதில் இல்லாமல் ஓட்டினால் நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவர். 300 பவுண்டு அபராதம், வண்டியைப் போலீஸ் எடுத்துச் செல்லலாம். சாவி கொடுத்த மைத்துனரும் குற்றவாளி. அவர் லைசென்ஸில் பாயின்ட் ஏறி, பிரீமியம் ஆண்டுக் கணக்கில் உயரும். நாள் கணக்கில் எடுக்கும் தற்காலிகக் காப்பீடு அங்கே உண்டு. வெளிநாட்டு லைசென்ஸையும் உங்கள் வயதையும் ஏற்கும் கம்பெனியாகத் தேட வேண்டும். கிடைத்தால் கவர் பிரமாதம்: பிரிட்டிஷ் சட்டப்படி காயத்துக்கு வரம்பே இல்லை, பொருள் சேதத்துக்குக் குறைந்தது 12 லட்சம் பவுண்டு. ஒரு வாரத்துக்காக இவ்வளவு அலைய வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் ரயிலில் போவேன்.

ஏஜென்ட் சொன்ன டிராவல் இன்சூரன்ஸ் இந்த வேலைக்கு ஆகாது. அதில் 'பர்சனல் லயபிலிட்டி' என்று ஒரு பிரிவு பெரிய டாலர் தொகையோடு இருக்கும். விலக்குகளைப் படித்தால் மோட்டார் வாகனம் ஓட்டுவதால் வரும் பொறுப்பு பொதுவாகச் சேராது என்றிருக்கும். ஆனால் டிராவல் இன்சூரன்ஸ் எடுக்காமல் கிளம்பாதீர்கள். விபத்தில் உங்களுக்கும் மனைவிக்கும் அடிபட்டால் உங்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதுதான் நிற்கும். மகளின் லயபிலிட்டி கவர் எதிராளிக்கானது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

லைசென்ஸ் சரியில்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. 55 வயதுக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. உங்களுடையது பயணத்தின் நடுவில் காலாவதியாகிறதா பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு பழைய முப்பது நாள் சலுகையும் இல்லை. இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டை உங்கள் ஆர்.டி.ஓ.வில் படிவம் 4ஏ-யில், பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்களுடன் 1,000 ரூபாய் கட்டி வாங்கலாம். பரிவாகன் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸ் கையில் இல்லாமல் பர்மிட் மட்டும் வைத்திருந்தால் பயனில்லை. ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு 'சர்வதேச லைசென்ஸ்' விற்பவர்களிடம் போகாதீர்கள். அது வெறும் அட்டை.

வேறு நாடுகளுக்குப் போகும் வாசகர்களுக்கும் இரண்டொரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தேர்ட் பார்ட்டி கவரின் குறைந்தபட்சமே லட்சக்கணக்கான யூரோ. அங்கே வாடகைக் கார் எடுத்தால் வண்டிச் சேதத்துக்கான எக்சஸை, அதாவது உங்கள் கையிலிருந்து போகும் முதல் தொகையை, பார்த்தால் போதும். கனடாவின் ஒன்டாரியோவில் குறைந்தபட்சம் 2 லட்சம் டாலர். டொரன்டோ உறவினர்கள் பலர் பத்து லட்சத்துக்கு எடுத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். நியூசிலாந்தில் விபத்தில் காயமடைந்தவரை, சுற்றுலா வந்தவரே ஆனாலும், அரசின் ஏ.சி.சி. திட்டம் பார்த்துக்கொள்கிறது, அங்கே பொருள் சேதம்தான் உங்கள் கவலை. துபாயில் சுற்றுலா விசாவில் இருக்கும்வரை இந்திய லைசென்ஸும் பர்மிட்டும் வைத்து வாடகைக் கார் எடுக்கலாம். ரெசிடென்ட் விசா வந்த பிறகும் அதே லைசென்ஸில் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது. போலீஸ் அறிக்கை இல்லாமல் அங்கே ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தொடக்கூட மாட்டார்கள்.

எந்த நாட்டிலும் விபத்து நடந்தால் நம் ஊர் வழக்கப்படி சாலையோரத்திலேயே பேசி, காசு கொடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள். யாருக்காவது அடிபட்டால் முதலில் அவசர எண்ணுக்கு ஃபோன். பிறகு படம், எதிராளியின் இன்சூரன்ஸ் விவரம், போலீஸ் அறிக்கை எண், அன்றே கம்பெனிக்குத் தகவல். தப்பு யாருடையது என்று அங்கே நின்று விவாதிக்க வேண்டாம்.

ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மகளின் பாலிசியில் உங்கள் பெயர் ஏறி, 30/60 என்பது 100/300 ஆன தாள் கைக்கு வரும் வரை டெக்சாஸில் காரை எடுக்காதீர்கள். அதுவரை பேரனைப் பள்ளிப் பேருந்தில் அனுப்பச் சொல்லுங்கள்.